யாரும் கேட்காத ஜெபம்

தறிமேஸ்திரி ஜெபம் பண்ண எழுந்தால், சபையில் விவரம் தெரிந்த தாய்மார்கள் முதலில் மடியிலிருக்கும் குழந்தையை வசதியாகச் சாய்த்துக்கொள்வார்கள். சீக்கிரத்தில் முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. அப்படி ஒரு குரல் அவருக்கு. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அடங்கித் தொடங்கும். நோயாளிகளிடம் வரும்போது கொஞ்சம் உயரும். விதவைகள், அநாதைகள் என்று போகப்போகக் கைக்குட்டைகள் வெளியே வரும். பிரயாணம் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், நாட்டை ஆளுகிறவர்கள் என்று ஒரு மூலை விடாமல் சுற்றிவந்து, கடைசியில் அந்த நீண்ட 'ஆமென்'னில் வந்து இறங்குவார். ஜன்னல் கண்ணாடிகள் அதிரும்.

"மேஸ்திரி ஜெபத்துல ஏறிட்டோம்னா நடுவுல இறங்க முடியாது, கடைசி ஸ்டாப்புதான்" என்று பாடகர் குழுத் தலைவர் கேலி செய்வார். சொல்லிவிட்டு, தன் வீட்டு விசேஷத்துக்கு அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்.

அந்தக் குரலைப் பழக்கியது தறிக்கூடம். வரிசை வரிசையாக விசைத்தறிகள் ஓடும் பெரிய கொட்டகை அது. உள்ளே நுழைந்தால் காது இருப்பதே மறந்துபோகும். வெளியே இடி விழுந்தாலும் யாரோ கதவைச் சாத்தினார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அங்கே நெசவாளர்கள் வாயைத் திறந்து கத்துவதில்லை. உதட்டை அசைத்தால் போதும், எதிர்த்தறிக்காரர் படித்துக்கொள்வார். மிச்சத்தைக் கை சொல்லிவிடும். சண்டைகூட அப்படித்தான், ஒரு சத்தமும் இல்லாமல் நடக்கும். மேஸ்திரி மட்டும் கத்துவார். கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அத்தனை தறிகளுக்கும் மேலே அவர் குரல் போய்ச்சேரும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் கதவைத் திறப்பது அவர். மைக்கைச் சரிபார்ப்பது அவர். வாசலில் நின்று கை குலுக்குவது, வயதானவர்களைக் கைத்தாங்கலாக உட்காரவைப்பது, கட்டடக் குழுவில் ஓட்டுக்கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவது, ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது, எல்லாம் அவர்தான். பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், பாடகர் குழுவில் மனஸ்தாபம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் பருவத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. அவர் இல்லாமல் அந்தச் சபையை யாராலும் நினைத்துப்பார்க்க முடியாது. அவராலும்தான்.

ஊருக்கெல்லாம் இப்படி விருந்து வைத்தவர் வீட்டு அடுப்பில் பூனை தூங்கியது.

மாடியில் இரண்டு அறை. மனைவி இறந்து சில வருடங்களாகிவிட்டன. ஒரே மகள் அதற்கப்புறம் கொஞ்ச நாள்தான் கூட இருந்தாள். பிறகு நகரத்தின் மறுகோடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள், அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். சபைக்கும் வருவதில்லை. "பிள்ளை மனசு கல்லாப் போச்சு. நான் ஜெபத்துல வெச்சிருக்கேன்" என்று கேட்பவர்களிடம் மேஸ்திரி சொல்லுவார். கேட்டவர்கள் அவர் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையை ஆணியில் மாட்டுவார். காலையில் வைத்ததைச் சூடுபண்ணி நின்றபடியே சாப்பிடுவார். ரேடியோவைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்வார். ரேடியோ பேசிக்கொண்டே இருக்கும், இவர் தூங்கிப்போவார். அந்த வீட்டில் அவர் முழங்காலிட்டதில்லை. வேண்டுமென்று விட்டதல்ல. நாளெல்லாம் ஜெபத்திலேயே இருப்பவருக்குத் தனியாக வேறு எதற்கு என்று எங்கோ ஓர் எண்ணம். அது எண்ணமாகக்கூட ஒருநாளும் மேலே வந்ததில்லை.

குரல் உடைந்தது ஒரு நல்லடக்கத்தில். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. இறந்தவருடைய நற்குணங்களைச் சொல்லி முடித்து, உயிர்த்தெழும் நம்பிக்கையைப் பற்றி உச்சத்துக்கு ஏறும்போது, தொண்டைக்குள் துணி கிழிவதுபோல ஏதோ கிழிந்தது. வாய் அசைந்தது, காற்று மட்டும் வந்தது. கண்ணை மூடியிருந்தவர்கள் அவர் துக்கத்தால் நிறுத்திவிட்டார் என்று நினைத்து விம்மினார்கள். கண்ணைத் திறந்து பார்த்த போதகர்தான் அவசரமாக மிச்ச ஜெபத்தை முடித்தார்.

தொண்டை டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். "எத்தனை வருஷமா ஐயா இப்படிக் கத்தறீங்க?" என்று கேட்டார். குரல் நாண்களில் முடிச்சு முடிச்சாகக் கட்டிகள். அறுவைசிகிச்சை முடிந்ததும் கண்டிப்பான உத்தரவு வந்தது: "நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னு பேசறது அதைவிட மோசம். அது கூடவே கூடாது. வாயைத் திறந்தா சாப்பிடறதுக்கு மட்டும்தான்."

"அப்புறம் குரல் வந்துடுமா?" என்று எழுதிக் காட்டினார்.

"வரும். பழைய குரல் வராது" என்றார் டாக்டரம்மா. நல்லவர், நயமாகச் சொல்ல மட்டும் அவருக்கு வராது.

முதல் வாரம் வீடு நிரம்பி வழிந்தது. சபையார் பழத்தோடு வந்தார்கள். அவரால் பேச முடியாததால் அவர்களே பேசினார்கள். போகும்போது ஆளுக்கொரு ஜெபம். மேஸ்திரி கண்ணை மூடித் தலையைக் குனிந்திருப்பார். ஆனால் உள்ளே ஒரு பரிசோதகர் உட்கார்ந்திருந்தார். 'இந்த வரி என்னுடையது. போன வருஷம் கட்டடப் பிரதிஷ்டையில நான் சொன்னது. அதையும் பாதியில கோட்டை விட்டுட்டாரு.' 'இவங்களுக்கு ஏற்றமும் இல்ல, இறக்கமும் இல்ல, கடைச்சாமான் சொல்ற மாதிரி.' ஆமென் சொல்லி நிமிரும்போது, தனக்காக என்ன கேட்டார்கள் என்பதே அவருக்கு ஞாபகம் இருக்காது.

அடுத்த வாரம் கூட்டம் பாதியாகக் குறைந்தது. அப்புறம் பாடகர் குழுத் தலைவர் மட்டும் வந்தார். ஆறுதலாக ஒரு செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மேஸ்திரி. உங்க இடத்துல அந்த பேங்க்காரத் தம்பி ஜெபம் பண்றாரு. நல்லாத்தான் பண்றாரு. சுருக்கமா முடிச்சிடறாரு, எல்லாருக்கும் ரொம்ப சௌகரியம்." மைக்கும் ஓடியது, கதவும் திறந்தது, நாற்காலிகளும் வரிசையாக நின்றன. ஒன்றும் நின்றுபோகவில்லை. மேஸ்திரி சிரித்தபடி தலையாட்டினார். வந்தவர் படியிறங்கிப் போனபிறகு, வெகுநேரம் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. எடுத்துவைக்க மறந்த சிரிப்பு.

அன்று பிற்பகல்தான் அது. தெருவில் ஆள் நடமாட்டமில்லை. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கட்டமாக விழுந்திருந்தது. ரேடியோவைக் கேட்கவும் பிடிக்கவில்லை. சரி, ஜெபமாவது பண்ணலாம் என்று கட்டிலருகே முழங்காலிட்டார். குரல் வேண்டாம், மனதுக்குள் போதும். 'சர்வ வல்லமையுள்ள பிதாவே' என்று தொடங்கினார். வார்த்தைகள் வந்தன, எப்போதும்போலத் தங்குதடையில்லாமல். ஆனால் ஏதோ வினோதமாக இருந்தது. சற்று நிதானித்துக் கவனித்தார். கண்மூடிய இருட்டில் அவருக்கெதிரே வரிசை வரிசையாக சபை உட்கார்ந்திருந்தது. பாடகர் குழு, தாய்மார்கள், போதகர், எல்லாரும். அவர் ஒவ்வொரு வரியையும் அவர்களுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்.

தலையை உதறினார். அவர்களை எழுப்பி வெளியே அனுப்புவதுபோல, மனதாலே ஒவ்வொரு பெஞ்சாகக் காலி பண்ணினார். கடைசி ஆளும் போய்விட்டார். மறுபடியும் தொடங்கினார். இப்போது வார்த்தை வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. எதிரே யாருமே இல்லை. காலியான பெஞ்சுகளும் அவரும்தான்.

முழங்கால் வலித்தது. அவர் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் இது உண்மையாகிவிடும்போல இருந்தது.

அப்போதுதான் மனைவி நினைவுக்கு வந்தாள். வருந்தி அழைக்காமலே வந்தாள். அவள் கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் ஒரு மாலை. பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மேஸ்திரி கல்லும் கரையும்படி ஜெபம் பண்ணினார். எல்லாரும் போனபிறகு அவள் மெல்லக் கேட்டாள்: "என்னங்க, யாரும் இல்லாதப்ப நமக்காக மட்டும் ஒரு தடவை ஜெபம் பண்ணுங்களேன். எனக்குப் பயமா இருக்கு."

"இப்பதானே பண்ணினேன்? களைப்பா இருக்கு. தூங்கு, நாளைக்குப் பண்றேன்" என்றார். களைப்பு பொய்யில்லை. ஆனால் காரணம் அது மட்டுமில்லை. இரண்டே பேர் இருக்கும் அறையில் வாயைத் திறக்க அவருக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. அடக்க ஆராதனையில் அவர் பண்ணிய ஜெபத்தை இன்றும் சபையில் சொல்லிச்சொல்லி மாய்ந்துபோகிறார்கள்.

அம்மாவுக்குப் பின்னாலேயே மகளும் வந்து நின்றாள். தாய் இறந்த சில வாரங்களில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "அப்பா, அம்மா போனதுலேருந்து எனக்கு ஜெபம் பண்ண வரல. அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களான்னே தெரியல. உங்களுக்கு எப்படிப்பா இருக்கு?" அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சபை நடுவில் நின்று கண்ணீரோடு ஜெபம் பண்ணினார். "ஆண்டவரே, என் சொந்த வீட்டிலேயே ஒரு ஆடு வழிதப்பிப்போச்சே. நீர் இல்லைன்னு சொல்லுதே என் பிள்ளை." சபையே அழுதது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் மகளைச் சூழ்ந்துகொண்டு தடவிக்கொடுத்தார்கள். அவள் தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள். அதன்பிறகுதான் மருந்துக்கடை வேலை கிடைத்தது.

கட்டமாக விழுந்திருந்த வெயில் சுவரேறிப் போயிற்று. ஊரெல்லாம் அழைப்புக் கொடுத்து வந்தவன், தன் பெயருக்கு ஓர் அழைப்பு எடுத்து வைக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. சிலுவையில் தொங்கியவர் பாவிகளுக்காகத் தொங்கினார் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! அந்தப் பாவிகளின் கூட்டத்தில் தன்னை ஒருநாளும் சேர்த்ததில்லை. அவர் எப்போதும் அந்தக் கூட்டத்துக்கு இடம்காட்டும் ஆளாகவே நின்றிருந்தார்.

மறுநாள் போதகர் வீட்டுக்குப் போனார். கையிலிருந்த எழுதி அழிக்கும் பலகையில் எழுதி நீட்டினார்: 'நான் இரட்சிக்கப்பட்டவனா?'

போதகர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "என்ன மேஸ்திரி, சும்மா இருந்து இருந்து மனசு கண்டதையும் நினைக்குது. நீங்க இரட்சிக்கப்படலேன்னா இந்தச் சபையில வேற யாரு? இந்தக் கட்டடத்துல உங்க கை படாத செங்கல் இருக்கா?"

மேஸ்திரி பலகையை அழித்துவிட்டு எழுதினார்: 'செங்கல்லைக் கேட்கவில்லை.'

போதகரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கெட்ட மனிதரல்ல, அன்று அவருக்கு இரண்டு கூட்டங்கள் இருந்தன. "உடம்பு தேறட்டும். எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லித் தோளில் கை வைத்து வாசல்வரை வந்தார்.

இந்த விஷயத்தில் தனக்கு யாருமில்லை என்பது தெருவில் நடக்கும்போது அவருக்கு உறைத்தது. சபையில் எல்லாரும் அவரோடு கைகுலுக்கியிருக்கிறார்கள். அந்தக் கைகளில் ஒன்றைக்கூட இப்போது பிடித்துக்கொள்ள முடியாது. அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியும்படி அவர் விட்டதில்லை.

பேசாமல் வேலை பார்க்கலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்ததும் தறிக்கூடத்துக்குத் திரும்பினார். அங்கே அவருடைய ஊமைத்தனத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. "அட, இப்பதான் மேஸ்திரியும் நம்ம ஜாதியில சேர்ந்திருக்காரு" என்று ஒரு நெசவாளர் உதட்டாலேயே சொல்ல, அந்த வரிசை முழுக்கச் சத்தமில்லாமல் சிரித்தது. அவரும் கையசைக்கவும் உதட்டசைக்கவும் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் நடு வரிசையில் ஒரு தறி நின்றுபோயிற்று. இழைகள் கொத்தாக அறுந்திருந்தன. அவர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இருபுறமும் தறிகள் அலறின. இந்தச் சத்தத்தில், பழைய குரல் இல்லாத இந்த வாயால் எதைச் சொன்னாலும் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது என்று தோன்றியது. யாருக்கும் கேட்காத இடம். அப்படி நினைத்தபோது கை நின்றது.

உதடு தானாக அசைந்தது. சத்தம் சிறிதும் இல்லை.

"ஆண்டவரே, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். உங்க பேரைச் சொல்லி எனக்குப் பேர் வாங்கிக்கிட்டேன். அவ பயமா இருக்குன்னு கேட்டப்ப தூங்குன்னு சொல்லிட்டேன். பிள்ளை கேட்டதை ஊருக்கு வித்துட்டேன். எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நல்ல வார்த்தைகூட இல்ல. என்னைச் சேர்த்துக்குவீங்களா? நீங்க செத்தது எனக்காகவும்னா, என்னைச் சேர்த்துக்கோங்க."

அவ்வளவுதான். மின்னல் வெட்டவில்லை. அவர் எத்தனையோ பேருக்கு வருணித்த பரவசம் எதுவும் வரவில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது. எண்ணெய்க் கையால் துடைத்து முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டார். ஆனால், காலிப் பெஞ்சுகளுக்கு முன்னால் முழங்காலிட்டிருந்த அன்று இல்லாத ஒன்று இப்போது இருந்தது: சொன்னது கேட்கப்பட்டுவிட்டது. அதைக் கேட்டவர் போகாமல் அங்கேயே நின்றார்.

நிமிர்ந்தால் எதிர்த்தறிக்கார அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கும் சபைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உதட்டைப் படிப்பதில் கெட்டிக்காரி. இவர் சொன்னதில் பாதியாவது படித்திருக்க வேண்டும். 'யார்கிட்ட பேசறீங்க மேஸ்திரி?' என்று உதடசைத்துக் கேட்டார்.

மேஸ்திரி 'உங்ககிட்ட இல்ல' என்று கையை ஆட்டினார்.

அந்த அம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் பக்கம் எறிந்தார். 'முகத்தைத் துடைங்க' என்றார். பிறகு திரும்பித் தன் தறியைக் கவனித்தார்.

அந்த வாரக் கடைசியில் மருந்துக்கடைக்குப் போனார். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகள் வெள்ளை மேலங்கியோடு நின்றாள். முன்னைக்கு இளைத்திருந்தாள். மேஸ்திரி வரிசையில் நின்றார். முறை வந்தபோது, அவள் நிமிராமலே "என்ன வேணும்?" என்றாள். பதில் வராததால் நிமிர்ந்தாள். அவள் கை மேசைமேல் அப்படியே நின்றது.

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"கேள்விப்பட்டேன்" என்றாள். குரலில் ஒன்றுமில்லை.

பஸ்ஸில் வரும்போதே எழுதிவைத்திருந்த பலகையை நீட்டினார். 'அன்றைக்கு நான் ஜெபம் பண்ணவில்லை. நீ நம்பிச் சொன்னதை ஊர் கேட்கச் சொன்னேன். தப்பு என்னுடையது.'

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். பின்னால் ஒருவர் இருமினார். "வரிசையில நிக்கறாங்கப்பா" என்று பலகையைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் நகர்ந்தார். கதவருகே போனபோது அவள் குரல் வந்தது: "இன்னும் கொஞ்ச நேரத்துல சாப்பாட்டு இடைவேளை."

கடைக்குப் பின்புறம், காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"நான் ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள். "உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன். நீங்க அதுக்குப் பதிலே சொல்லல. ஏதோ ஒரு பதில் சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்."

அவர் எழுதினார்: 'எனக்கும் அப்போது அந்தப் பக்கம் யாரும் இல்லை. சொல்லத் தைரியம் இல்லை.'

அவள் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "அத்தனை ஜெபமும்?"

அவர் தலையசைத்தார்.

"இப்ப?"

'இப்போது இருக்கிறார்' என்று எழுதினார். பிறகு அதன்கீழே சின்ன எழுத்தில், 'இன்னும் புதுசு' என்று சேர்த்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது, அடக்கிக்கொண்டாள். "எனக்கு இன்னும் தெரியலப்பா. உங்களுக்காகத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

'சொல்லாதே' என்று எழுதினார்.

இடைவேளை முடிந்தது. எழுந்து மேலங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அடிக்கடி வராதீங்க. எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்" என்றாள். அவர் பஸ்ஸுக்கு நடந்தார். வழியெல்லாம் அவளைப் பற்றி உள்ளே பேசிக்கொண்டே போனார். கேட்டவர் யாருக்கும் சொல்லமாட்டார்.

குரல் திரும்பிவந்தது. டாக்டரம்மா சொன்னது சரிதான், பழையது வரவில்லை. கரடுமுரடாக, இரண்டு பெஞ்சுக்கு அப்பால் போகாத ஒரு குரல். சபையார் ஆர்வத்தோடு ஒரு ஞாயிறு குறித்தார்கள். ஆண்டவர் குரலைத் திருப்பித் தந்ததற்கு மேஸ்திரி நன்றி ஜெபம் பண்ணுவார் என்று போதகர் அறிவித்தார். மேஸ்திரி மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"கண்ணைத் திறங்க" என்றார் அவர். "நான் ஜெபம் பண்ண வரல. உங்ககிட்ட பேசணும். இத்தனை வருஷம் இங்க நின்னு உங்ககிட்டதான் பேசினேன். ஆனா ஆண்டவர்கிட்ட பேசற மாதிரி பேசினேன். அவரை எனக்குத் தெரியாது. இந்த வருஷம்தான், வாய் மூடினப்புறம்தான், நான் பாவின்னு ஒத்துக்கிட்டு அவர்கிட்ட போனேன். அவர் சேர்த்துக்கிட்டாரு. என்னை மன்னிச்சிடுங்க. என் பொண்ணு விஷயத்தை உங்க காதுல போட்டதுக்கும் மன்னிச்சிடுங்க."

நடு வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். அவருடைய மகன் சாகக்கிடந்தபோது மேஸ்திரி ஆஸ்பத்திரியில் ஜெபித்து, பையன் பிழைத்திருந்தான். "அப்போ என் பிள்ளைக்காக நீங்க பண்ணினது?" என்று கேட்டார். கோபமில்லை; பயம்தான்.

மேஸ்திரி அந்தத் தாயின் பக்கம் திரும்பினார். "அம்மா, அன்னிக்கு நீங்க பக்கத்துல நின்னு அழுதீங்களே. அவர் உங்களைத்தான் கேட்டிருக்காரு" என்றார்.

அந்தத் தாய் மெல்ல உட்கார்ந்தார். மற்றவர்கள் அவ்வளவு சுலபமாக உட்காரவில்லை. வாசலில் அன்று ஒருவரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. மயக்க மருந்து மூளையைத் தொட்டுவிட்டது என்று சிலர் சொன்னார்கள். சபையின் மானத்தை வாங்கிவிட்டார் என்றனர் சிலர். "அவரே இரட்சிக்கப்படலேன்னா நாமெல்லாம் எங்க?" என்று பாடகர் குழுத் தலைவர் எரிச்சலோடு கேட்டார். போதகர் மரியாதையாக, "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க மேஸ்திரி" என்று சொல்லிச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறமும் அவர் ஒரு ஞாயிறு தவறவில்லை. கடைசி பெஞ்சில், சுவரோரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பேங்க்காரத் தம்பி ஜெபம் பண்ணும்போது, பழைய பரிசோதகர் உள்ளே எழுந்து தாளம் போட ஆரம்பிப்பார். 'உட்காருய்யா' என்று அவரை அதட்டிவிட்டு, மேஸ்திரி கூடவே ஜெபிப்பார். ஆராதனை முடிந்து கூட்டம் வாசலில் நின்று பேசும். அவர் ஓரமாக நடந்து வெளியேறுவார். கைகுலுக்கிய கைகள் பொய்யில்லை, அவற்றின் சூடு பொய்யில்லை. அது இல்லாமல் குளிராகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் குளிரையும் சொல்லுவார். வேறு யாரிடம் சொல்ல?

மழைக்காலம் முடியும்போது ஒரு பிற்பகல் மகள் வந்தாள். சொல்லாமல் வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "அம்மா படத்துக்குக் கண்ணாடி மாத்தியிருக்கீங்க" என்றாள். அவர் அவளை உட்காரச் சொன்னார். இதைச் சொல்லாமல் அவளோடு சாப்பிட முடியாது என்று தோன்றியதால், அம்மா கடைசியாகக் கேட்டதையும், தான் நாளைக்கு என்று சொன்னதையும் அந்தக் கரகரத்த குரலில் சொன்னார். எதையும் ஒளிக்கவில்லை.

மகள் எழுந்துவிட்டாள். "இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க? நான் எங்கப்பா கொண்டுபோய் வைப்பேன் இதை?" என்று கத்தினாள். அழுதாள். போட்ட சோற்றைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனாள். படிச்சத்தம் தேய்ந்து மறைந்தது. இந்த முறை அவள் திரும்பமாட்டாள் என்றே அவர் நினைத்தார்.

அடுத்த வாரம் வந்தாள். அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. சமையலறையில் நின்று காய் நறுக்கிக் கொடுத்தாள். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் பார்த்த கதையைச் சொன்னாள். சாப்பாட்டை எடுத்துவைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் தயங்கினார். அவள் கவனித்தாள்.

"பண்ணிக்கோங்கப்பா. நான் சும்மா இருக்கேன்" என்றாள்.

அவர் தலை குனிந்தார். "ஆண்டவரே, இவ வந்திருக்கா. நன்றி" என்றார். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அவள் கண்ணை மூடினாளா, ஜன்னலைப் பார்த்தாளா என்று அவர் பார்க்கவில்லை.

இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று அவள் கிளம்பினாள். பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தார். பஸ் வந்தது, அவள் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கையை லேசாகத் தூக்கினாள். பஸ் திரும்பி மறைந்தபிறகு மேஸ்திரி வந்தவழியே நடந்தார். தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. எதிரே வந்த சபைக்காரர் ஒருவர் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். மேஸ்திரி அவருக்காக ஒரு வார்த்தை உள்ளே சொல்லிவிட்டு, மாடிப்படி ஏறினார்.